சர்க்குலர் சா உள்பாகம் மாற்றுதல்: கோவைப் பக்கம் எந்த ஸ்பேர் தாங்குகிறது, எந்த வேலைக்குக் காசு கொடுக்கலாம்?

"ஏனுங்க, மெஷின்ல நெருப்பு அடிக்குதுங்க, கார்பன் மட்டும் மாத்திக் குடுத்துருங்க." கோவை டாக்டர் நஞ்சப்பா சாலையானாலும் கணபதியானாலும், சர்க்குலர் சாவை (மின்சார வட்ட ரம்பம்) தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு வருகிறவர் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கடைக்காரரும் ஐந்து நிமிடத்தில் கார்பனை, அதாவது சுற்றும் மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கரிக்கட்டியை, மாற்றிக் கொடுத்துவிடுவார். இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் வாரம் அதே நெருப்பு, கூடவே கருகிய வாடை. இந்த முறை ஆர்மேச்சரே (மோட்டாருக்குள் சுற்றும், கம்பி சுற்றிய பாகம்) போயிருக்கும்.

கார்பன் தேய்வது நோயின் அடையாளம். பெரும்பாலான மெஷின்களில் நோய் உட்கார்ந்திருக்கும் இடம் கம்யூட்டேட்டருக்கு (ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்புப் பட்டை வளையம்) பின்னால் இருக்கும் சின்ன பேரிங். அதனால் இந்த மதிப்புரையில் பாகங்களைப் பேரிங்கிலிருந்து ஆரம்பித்துப் பார்க்கிறோம். எடுத்துக்கொண்டிருப்பது 184 மில்லிமீட்டர், அதாவது ஏழேகால் அங்குல பிளேடு போடும் 1,100 முதல் 1,400 வாட் வரையுள்ள கை மெஷின்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர்கள், கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்கள், பொள்ளாச்சியில் தென்னை மரம் அறுக்கிறவர்கள், ஊர் ஊராக வேலைக்குப் போகும் ஆசாரிகள் என்று எல்லார் கையிலும் இருப்பது இந்த அளவுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பேரிங்கை நல்ல கம்பெனி பேரிங்காகக் கடையில் தனியாக வாங்கலாம், மெஷின் கம்பெனி டப்பாவில்தான் வர வேண்டும் என்பதில்லை. கார்பனை மெஷின் கம்பெனியுடையதாகத்தான் வாங்க வேண்டும். ஆர்மேச்சரில் காப்பி வேண்டவே வேண்டாம். ரீவைண்டிங் (புதுக் கம்பி சுற்றுதல்) செய்யலாம், ஆனால் கீழே சொல்லும் நான்கு கேள்விக்கும் பதில் சொல்லக்கூடிய கடையில் மட்டும்.

பேரிங்

பேரிங் விலை மெஷினிலேயே மலிவான ஒன்று. அதில் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பல மெஷின்கள் சாகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர்மேச்சர் தண்டின் முனையில் இருக்கும் சின்ன கியரான பினியனில் எட்டுப் பல், பெரிய கியரில் 36 பல் என்றால் விகிதம் நாலரை. பிளேடு நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது ஆர்மேச்சர் 22,500 சுற்று சுற்றுகிறது. போர்வெல் மோட்டாரும் மாவாட்டும் கிரைண்டர் மோட்டாரும் 3,000 சுற்றைத் தாண்டுவதில்லை. அந்த மோட்டாருக்குப் போட்டுப் பழகிய கையோடு அதே மாதிரி பேரிங்கை இதற்கும் போட்டால் நிற்காது.

இங்கேதான் சீல் விஷயம் வருகிறது. 608 என்று கேட்டால் கடையில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் அளவு ஒன்றே: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். முதல் வகை இருபுறமும் இரும்பு மூடி போட்ட இசட்இசட். வேகம் தாங்கும், ஆனால் மூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் மாவு மாதிரியான தூள் உள்ளே போய்விடும். இரண்டாவது, ரப்பர் உதடு உள்வளையத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும் தொடு சீல். தூள் போகாது, ஆனால் உரசலால் சூடாகும். இதன் வேக வரம்பு அதே அளவு இசட்இசட் பேரிங்கின் வரம்பைவிடக் குறைவாகத்தான் வரும். மூன்றாவது, ரப்பர் சீல் உள்வளையத்தைத் தொடாமல் மயிரிழை தள்ளி நிற்பது. சர்க்குலர் சாவுக்கு வேண்டியது இந்த மூன்றாவது வகை.

கடையில் கேட்கும்போது "ரப்பர் சீல் போட்டது குடுங்க" என்று மட்டும் சொன்னால் தொடு சீலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், அதுதான் அதிகம் விற்கிறது. பேரிங் மேல் இருக்கும் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். என்எஸ்கே பேரிங்கில் விவி என்றால் தொடாத சீல், டிடியு என்றால் தொடும் சீல். என்டிஎன் பேரிங்கில் எல்எல்பி தொடாதது, எல்எல்யு தொடுவது. எஸ்கேஎஃப்பில் 2ஆர்எஸ்எல் அல்லது 2ஆர்இசட் தொடாதது, 2ஆர்எஸ்எச் தொடுவது. தொடாத வகை கிடைக்கவில்லை என்றால் ஆர்மேச்சருக்கு இசட்இசட்டே போடலாம். தொடு சீலைப் பிளேடு பக்க ஸ்பிண்டிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே வேகம் 5,000தான், தூள்தான் அதிகம்.

அளவு மெஷினுக்கு மெஷின் மாறும். கம்யூட்டேட்டர் பக்கம் 607, 608, 627 போன்ற சின்ன எண்களும், ஃபேன் பக்கம் 6000, 6001, 6200, 6201 வரிசையும் வழக்கம். மனப்பாடமாகப் போய் வாங்காதீர்கள். 6001க்கும் 6201க்கும் உள்விட்டம் 12 மில்லிமீட்டர்தான், ஆனால் வெளிவிட்டம் ஒன்றில் 28, மற்றதில் 32. பழையதைக் கழற்றி, எண்ணைப் படித்து, கையோடு கொண்டுபோவது உத்தமம்.

இந்தப் பேரிங் தேய்ந்தால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். ஆட்டம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வந்தாலே, அந்த வேகத்தில் கார்பன் கம்யூட்டேட்டர் மேல் உட்காராமல் துள்ள ஆரம்பிக்கும். துள்ளும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கும். பொறி செம்புப் பட்டைகளை அரிக்கும், அரித்த சொரசொரப்பு கார்பனை ராவும். ராவிய கரித்தூள் மின்சாரம் கடத்தும் சாமான். அது திரும்பப் பேரிங்குக்குள்ளும், வைண்டிங் மேலும் படியும். புதுக் கார்பன் போட்டால் சுருள் வில்லின் அழுத்தம் கொஞ்சம் கூடும், அதனால் சில நாளைக்குத் துள்ளல் அடங்கினது போலத் தெரியும். அவ்வளவுதான் அந்த 'ரிப்பேர்'.

சோதிக்க மெஷினைப் பிரிக்கக்கூட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு கார்பனையும் கழற்றி வைத்துவிட்டு, பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கரகரப்பு தெரிந்தாலோ ஓரிடத்தில் இறுகினாலோ பேரிங் முடிந்தது. கார்பன் ஓட்டை வழியாகக் கம்யூட்டேட்டரை ஒரு மரக்குச்சியால் மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள், அசைவு தெரியவே கூடாது.

பேரிங் மாற்றும்போது அது உட்காரும் குழியையும் பாருங்கள். பின்பக்கக் குழி பிளாஸ்டிக்கில் இருக்கும், சில மாடல்களில் நடுவே ஒரு ரப்பர் வளையமும் உண்டு. பேரிங் இறுகிச் சூடானால் வெளிவளையமே சுற்ற ஆரம்பித்துக் குழியை உருக்கிப் பெரிதாக்கிவிடும். அதில் காகிதம் சுற்றியோ உடனடிப் பசை ஊற்றியோ பேரிங்கை நிறுத்திக் கொடுக்கிற வழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. ஒரு மாதம்கூடத் தாங்காது, போகும்போது ஆர்மேச்சரையும், அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் கம்பிச் சுருளான ஃபீல்டையும் உரசிவிட்டுப் போகும். ரப்பர் வளையம் இருந்தால் வளையத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் ஹவுசிங்கையே (மெஷினின் வெளிக்கூடு) மாற்ற வேண்டும். வேறு வழி கிடையாது.

கார்பனும் கம்யூட்டேட்டரும்

கார்பன் பார்க்க எல்லாம் கறுப்புக் கட்டிதான், உள்ளே தரம் வேறு. கடினம் கூடினால் கம்யூட்டேட்டரைத் தின்னும், மென்மை கூடினால் தானே கரைந்து தூளாகி உள்ளே அடைக்கும். காப்பி கார்பனில் நாம் பார்க்கும் பெரிய குறை அளவு. அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும், ரிப்பேர் செய்கிறவர் அரத்தில் ராவி உள்ளே நுழைப்பார். ராவின பக்கம் நேராக இல்லாமல் ஹோல்டருக்குள் சிக்கிக்கொண்டால் வில்லால் தள்ள முடியாது, மெஷின் விட்டு விட்டு ஓடும். சரியான கார்பன் தன் எடையிலேயே ஹோல்டருக்குள் வழுக்கி இறங்க வேண்டும். தள்ள வேண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. கம்பெனி கார்பன் சிலவற்றில் தானே நிறுத்தும் வசதி உண்டு. தேய்ந்து எல்லைக்கு வந்ததும் உள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் முனை வெளியே வந்து கார்பனைக் கம்யூட்டேட்டரிலிருந்து தூக்கிவிடும், மெஷின் நின்றுவிடும். காப்பியில் இந்த முனை இருக்காது. கட்டி முழுக்கத் தேய்ந்து, வில்லின் இரும்பு கம்யூட்டேட்டரைக் கீறும் வரை மெஷின் ஓடும். நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஆயிரக்கணக்கில் போகும் ஆர்மேச்சரைப் பணயம் வைப்பது இந்த இடத்தில்தான்.

எல்லைக்கோடு இருந்தால் அது வரை, இல்லாவிட்டால் நீளம் 6 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றுங்கள். எப்போதும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பாதி தேய்ந்ததைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவதானால் எந்தப் பக்கம், எந்த முகம் என்று பென்சிலால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். கம்யூட்டேட்டரின் வளைவு அதில் பதிந்திருக்கும், திருப்பிப் போட்டால் ஓரம் மட்டும் தொட்டுப் பொறி அடிக்கும். புதுசு போட்டதும் மரத்தில் வைக்காமல் பத்து நிமிடம் சும்மா ஓட விடுங்கள், முகம் படிந்துவிடும்.

கம்யூட்டேட்டர் லேசாகக் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். எமரி துணி வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தும், பட்டைகளுக்கு நடுவே மாட்டினால் ஷார்ட். தடம் விழுந்திருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய கடைசல் கொடுக்கலாம். கடைந்த பிறகு சுற்று விலகல் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று டயல் கேஜில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவை அரை மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி இறக்க வேண்டும். கோவையில் நல்ல லேத்துக்குப் பஞ்சமில்லை, கடைசல் சுத்தமாக வரும். மைக்கா இறக்கும் வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் செம்பு தேயத் தேய மைக்கா மேடாக நின்று கார்பனைத் தட்டும். அதே நெருப்பு திரும்ப வரும்.

பொறியைப் பார்த்தே கொஞ்சம் சொல்லலாம். கார்பன் அடியில் சின்ன நீலப் பொறி இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக ஆரஞ்சு நெருப்பு ஓடினால் ஆர்மேச்சருக்குள் கோளாறு. அடுத்தடுத்த இரண்டு பட்டைகள் மட்டும் எரிந்து குழியாக இருந்தால் அந்த இடத்தில் காயில் (கம்பிச் சுருள்) அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் கார்பனுக்குச் செலவழிப்பது வீண்.

ஆர்மேச்சர்: புதுசா, காப்பியா, ரீவைண்டிங்கா?

முதலில் ஆர்மேச்சர் போய்விட்டதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். சாதாரண மல்டிமீட்டரில் பட்டைக்குப் பட்டை அளந்தால் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும், ஒரு காயிலில் இரண்டு சுற்று ஷார்ட் ஆகியிருந்தாலும் வித்தியாசம் தெரியாது. க்ரவுலர் (ஆர்மேச்சர் ஷார்ட்டைச் சோதிக்கும் கருவி) வைத்திருக்கும் கடையில் கொடுங்கள். அதன் மேல் ஆர்மேச்சரை வைத்து, ஒரு பழைய ஹாக்சா பிளேடை மேலே பிடித்துச் சுற்றினால், ஷார்ட் ஆன இடத்தில் பிளேடு கிர்ரென்று அதிரும். ஐம்பது வருடம் முன்பும் இதுதான் வழி, இன்றைக்கும் நம்பகமான வழி இதுதான். கூடவே 500 வோல்ட் மெகரில் (காப்பு அளக்கும் மீட்டர்) கம்யூட்டேட்டருக்கும் தண்டுக்கும் நடுவே பார்க்க வேண்டும். மெகா ஓமில் நிற்கணும். கிலோ ஓமுக்கு இறங்கியிருந்தால் சுத்தம் செய்து, காயவைத்து இன்னொரு முறை பாருங்கள். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரமும் புழுதியும் கரித்தூளோடு சேர்ந்தால் நல்ல ஆர்மேச்சரே மெகரில் தோற்பதுண்டு.

காப்பி ஆர்மேச்சரை வேண்டாம் என்று சொல்வதற்கு விலையோ ஆயுளோ முதல் காரணம் இல்லை. உயிர்தான் காரணம். இந்த மெஷின்களுக்கு இரண்டு முள் பிளக்தான், எர்த் கிடையாது. பெயர்ப் பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கும், இரட்டைக் காப்பு என்று அதற்குப் பொருள். வைண்டிங் காப்பு போய்விட்டாலும் பிளேடுக்கு மின்சாரம் வரக்கூடாது என்பதற்காக, பெரும்பாலான ஆர்மேச்சர்களில் தண்டுக்கும் தகட்டு அடுக்குக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கும். மலிவான காப்பியில் அந்தக் குழலே இல்லாமல் தகடுகளை நேராகத் தண்டில் ஏற்றிவிடுகிறார்கள். பார்வைக்குத் தெரியாது. மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தகட்டு அடுக்கிலும் இன்னொன்றைத் தண்டிலும் வையுங்கள். பழைய கம்பெனி ஆர்மேச்சர் தொடர்பில்லை என்று காட்டி, புதுசு 'பீப்' அடித்தால் கடை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பினியனையும் ஒப்பிடுங்கள். பல் எண்ணிக்கை, சாய்வின் திசை, சாய்வின் அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒரே பெயரில் விற்கும் மெஷினில்கூட உற்பத்திக் காலத்துக்கேற்ப உள்பாகம் மாறியிருக்கும். போஷ் மெஷின்களில் பெயர்ப் பலகையில் இருக்கும் 10 இலக்க எண்தான் உண்மையான அடையாளம், மாடல் பெயர் அல்ல. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் தவறான பாகம் வராது.

இனி ரீவைண்டிங். பம்ப், மோட்டார் தொழிலில் ஊறிய ஊர் கோவை, பீளமேட்டில் ஆரம்பித்துக் கணபதி, குறிச்சி வரை வைண்டிங் தெரிந்த கைகள் உண்டு. ஆனால் போர்வெல் மோட்டாரில் வைண்டிங் அசையாமல் நிற்கிறது, சாவின் ஆர்மேச்சரில் வைண்டிங்கே சுற்றுகிறது. 40 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஆர்மேச்சர் 22,500 சுற்றில் சுற்றினால், விளிம்பில் இருக்கும் ஒரு கிராம் கம்பி 11 கிலோ கனத்தோடு வெளியே இழுக்கும். வார்னிஷ் சரியாக இறங்காத ஒரு சுற்று போதும், அவிழ்ந்து ஃபீல்டில் அடித்து இரண்டையும் முடித்துவிடும்.

அதனால் கடையில் நான்கு கேள்வி கேளுங்கள். பழைய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்து, சுற்றை எண்ணித்தான் சுற்றுகிறீர்களா? கம்பி எந்த வெப்ப வகுப்பு? எஃப் என்றால் 155 டிகிரி, எச் என்றால் 180 டிகிரி தாங்கும், அதற்குக் கீழே வேண்டாம். கம்யூட்டேட்டரில் கம்பியை எப்படி இணைக்கிறீர்கள்? கம்பெனியில் கொக்கியைச் சூட்டோடு அழுத்தி இணைத்திருப்பார்கள், சாதாரண ஈயப் பற்று 183 டிகிரியிலேயே இளகும், பளு ஏறிச் சூடானால் தெறித்துவிடும். கடைசியாக, பேலன்சிங் உண்டா? கம்பெனி ஆர்மேச்சரின் தகட்டில் அங்கங்கே சின்னப் பள்ளம் அறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது பேலன்சுக்காகச் செதுக்கினது. புதுக் கம்பி சுற்றினால் அந்தக் கணக்கு மாறிவிடும். பேலன்ஸ் பார்க்காமல் போட்டால் புதுப் பேரிங்கை அது தின்றுவிடும், கதை ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடும்.

நான்குக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் கடைகள் கோவையில் இருக்கின்றன, அந்த வேலை நன்றாகவே நிற்கிறது. பினியன் பல் தேய்ந்திருந்தால் மட்டும் ரீவைண்டிங் வேண்டாம். பினியன் தண்டிலேயே வெட்டியது, வைண்டிங் புதுசானாலும் பல் பழசுதான்.

கம்பெனி ஆர்மேச்சரின் விலையோடு பேரிங், கார்பன், கூலி எல்லாம் சேர்த்துப் புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபீல்டும் சேர்ந்து போயிருந்தால் கணக்கே போட வேண்டாம்.

ஃபீல்டு, கியர், சுவிட்ச்

ஃபீல்டில் இரண்டு காயிலின் ஓமும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றும்போது அதன் முன்னே இருக்கும் பிளாஸ்டிக் காற்றுத் தடுப்பு வளையத்தைத் தவறாமல் திரும்பப் போடுங்கள். 'ஸ்க்ரூ மிஞ்சிப்போச்சு, வளையம் மிஞ்சிப்போச்சு' என்று ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் ஃபேன் இழுக்கும் காற்று காயில் வழியாகப் போகாமல் சுற்றிப் போய்விடும், புது ஃபீல்டு ஒரு கோடைக்கே கருகும்.

கியரில் கிரீஸ் அளவுதான் முக்கியம். அறையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். நிரப்பி அடைத்தால் சூட்டில் இளகிப் பேரிங் வழியாக ஃபேன் பக்கம் வழியும், அதில் தூள் ஒட்டிக் கம்யூட்டேட்டர் வரை போகும். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டுப் போடுங்கள், அதில் இரும்புத் தூள் கலந்திருக்கும்.

சுவிட்ச் கம்பெனியுடையதே வாங்குங்கள். கிளம்பும்போது பெருகும் கரண்டைத் தாங்காத காப்பி சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டால், விரலை எடுத்தாலும் பிளேடு நிற்காது.

தென்னை அறுக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பனை இன மரங்களில் மணல் சத்து உண்டு, பிளேடு சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடு மோட்டாரை இழுக்கும், மோட்டார் வேகம் குறையும், ஃபேன் காற்றும் சேர்ந்து குறையும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து மெஷின்களில் ஆர்மேச்சர் போவதற்கு முதல் காரணம் பிளேடுதான். தோட்டத்து வயரும் கூட்டாளி. 0.75 சதுர மில்லிமீட்டர் வயரை 30 மீட்டர் இழுத்தால் போக வர ஒன்றரை ஓம். சாதாரணமாக 6 ஆம்பியரில் 9 வோல்ட் குறையும், மரம் பிளேடைப் பிடித்து 15 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் 23 வோல்ட் குறையும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இது 7 வோல்டோடு நிற்கும்.

நீங்களே பிரிப்பதானால்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேடைக் கழற்றுங்கள். பிளேடு சுற்றும் திசையிலேயே போல்ட்டைத் திருகினால் கழலும், எதிர்ப்பக்கம் மல்லுக்கட்டித் தலையை உருட்டிவிடாதீர்கள். அடுத்து கார்பன். இதை மறந்துவிட்டு ஆர்மேச்சரை இழுத்தால் கார்பன் முனை உடையும், சில நேரம் ஹோல்டரும் வளையும். பிறகு கியர் பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டினால் ஆர்மேச்சர் கியர் மூடியோடு சேர்ந்து வெளியே வரும். ஸ்க்ரூ நீளம் மாறும் என்பதால் ஒரு அட்டையில் படம் போட்டு அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

பேரிங்கைப் புல்லர் போட்டு இழுங்கள். உளியும் சுத்தியும் வைத்துத் தட்டினால் கம்யூட்டேட்டர் விரிசல் விடும். பேரிங்குக்கும் கம்யூட்டேட்டருக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் வாஷரை எடுத்துப் பத்திரமாக வையுங்கள், கரித்தூளைத் தடுப்பது அதுதான். புதுப் பேரிங்கை ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் உட்காரும் பைப்பை வைத்து அழுத்துங்கள். வெளிவளையத்தில் தட்டினால் குண்டு தடத்தில் தழும்பு விழுந்து, புதுப் பேரிங் முதல் நாளே ஊளையிடும். கார்பன் கடைசியில்தான் போட வேண்டும்.

முதல் ஓட்டத்தை நேரடி லைனில் வைக்காதீர்கள். 200 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் போட்டுப் பாருங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மெஷின் சுற்றாமல் நின்றால் உள்ளே ஷார்ட் அல்லது இறுக்கம். பல்பு எரிந்து சற்று மங்கி, மெஷின் மெதுவாகச் சுற்றினால் நேரடியாகக் கொடுக்கலாம்.

யாரிடம் கொடுப்பது?

வாரண்டிக்குள் இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான், வெளியே திறந்தால் வாரண்டி போய்விடும். அங்கே பாகம் சரியானதாக வரும். ஸ்டாக் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டிவரும், சின்னக் குறைக்கும் தொகுப்பாக மாற்றச் சொல்வார்கள். தினக்கூலி வேலையில் இருக்கிறவருக்கு அந்த நாட்கள் பெரிய இழப்பு. தனிக் கடைகளில் அன்றே முடியும், கம்யூட்டேட்டர் கடைசல் மாதிரி மீட்கும் வேலையும் நடக்கும். அங்கே ஆபத்து, எந்தப் பாகம் போட்டார்கள் என்பது தெரியாமல் போவது. ஈரோடு, திருப்பூர், கரூர் எங்கே கொடுத்தாலும் பேரிங்கையும் கார்பனையும் நீங்களே வாங்கிக் கையில் கொடுத்து, கூலி மட்டும் பேசுவது நாம் பரிந்துரைக்கும் முறை. பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள், நல்ல கடைக்காரர் கேட்காமலே கவரில் போட்டுக் கொடுப்பார்.

வாங்கும்போது கடையிலேயே இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சுவிட்சை விட்டதும் பிளேடு சீராகக் குறைந்து நிற்க வேண்டும், வெடுக்கென்று நின்றால் ஏதோ இறுகியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை மூடும் கீழ்க் கார்டை முழுக்கத் திறந்து விடுங்கள். மெஷினை எந்தச் சாய்வில் பிடித்தாலும் அது தானே சடக்கென்று மூட வேண்டும். உள்வேலை முழுக்கச் சரியாகச் செய்துவிட்டு, இந்த ஒரு வில்லை மட்டும் மாட்டாமல் விட்டிருக்கும் மெஷின்கள் உண்டு. கார்டைக் கம்பியால் கட்டி வைத்துப் பழகியவர்கள் கேட்கவும் மாட்டார்கள். வில்லை மாட்டச் சொல்லி, மூடுவதைக் கண்ணால் பார்த்தபிறகு கூலியைக் கொடுங்கள்.